ஆடுகொம்பு

செவலைக்குப் பருவம் வந்தால் முதலில் தெரிவது மந்திரிக்குத்தான். எங்களுக்கு அப்புறம்தான் தெரியும். வேலிக்கு வெளியே வந்து நின்று, மூக்கைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு காற்றைப் பிடிப்பான். அதைப் பார்த்ததும் என் அக்கா எவால்டினே வேலியின் வாயில் இன்னும் இரண்டு முள்கிளையை இழுத்துப் போடுவாள்.

மந்திரி என் பெரியப்பா ஹிஸ்கியாவின் பொலிகாளை. ஏலத்தில் எடுத்த சிமெண்டல் என்ற சீமைச் சாதி. வருவான், தின்பான், ஒன்றும் சொல்லாமல் போவான் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. தோள் கதவு அகலம். அவனுக்குப் பிறந்த கன்றுகள் கழுதைக்குட்டி பருமனில் இருக்கும். ஏலத்துக்கு வரும் வியாபாரிகள் எடையைப் பார்த்து வாங்குகிறவர்கள், ஆகவே ஊர் முழுக்க அவனைத்தான் கேட்கிறது.

செவலை என் அக்காவின் கிடேரி. அவளுக்கென்று இருக்கும் ஒரே மாடு. வறட்சியில் அதன் தாய் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே விழுந்து எழவில்லை. அக்கா பால்மாவைக் கரைத்துப் பாட்டிலில் கொடுத்து இதைக் காப்பாற்றினாள். பாட்டிலில் வளர்ந்தது பாட்டிலில் வளர்ந்த மாதிரிதான் இருக்கும். வயது ஆகிவிட்டது, உடம்பும் ஒருவழியாகத் தேறிவிட்டது, இடுப்பு மட்டும் விரியவில்லை. முதல் கன்றான தலையீத்துக்கு மந்திரியைச் சேர்த்தால் கன்று நடுவழியில் சிக்கும். மாட்டு டாக்டர் இருக்கும் ஊர் மணல் பாதையில் அரை நாள் தூரம். அவர் வருவதற்குள் கன்றும் போகும், தாயும் போகும், அக்காவிடம் கயிறு மிஞ்சும்.

எங்கள் பக்கத்தில் மேய்ச்சலுக்கு வேலி கிடையாது. யாருடைய காளையும் யாருடைய பசுவிடமும் போகலாம். எனவே செவலையைத் தனியாக முள்வேலிக்குள் அடைத்து, முள்மரத்து நெற்றுகளைப் பொறுக்கிப் போட்டு, தண்ணீர் சுமந்து ஊற்றி வைத்திருந்தாள். மற்ற மாடுகள் புல்லுக்குப் போகும்போது செவலை கத்தும். அக்காவின் கைகளில் முள் கீறாத இடம் இல்லை. இதை நிரந்தரமாகச் செய்ய முடியாது என்று எல்லோருக்கும் தெரியும், பெரியப்பாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவர் அவசரப்படவில்லை.

நான் விவசாயக் கல்லூரியை இரண்டாம் வருஷத்தோடு விட்டவன். ஒச்சிவரோங்கோ டவுனில் ஒரு பெட்ரோல் பங்கில் இரவு வேலை. விடுப்புக்கு வந்திருந்தேன். முதல் நாளே பெரியப்பாவிடம் போய், இந்தக் கிடேரிக்கு மந்திரி வேண்டாம், தலை சிறுத்த, தோள் ஒடுங்கிய காளையாக வேண்டும், கன்றின் எடைதான் தலையீத்தில் முக்கியம் என்று சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து முழுவதையும் கேட்டார்.

"நீ படிச்சது பாதிதானே?"

"ஆமா."

"அந்தப் பாதியில காளையோட முன்பக்கம் வந்துச்சா, பின்பக்கம் வந்துச்சா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என் அம்மாகூடச் சிரித்தாள்.

அவர் கெட்டவர் இல்லை. மந்திரியை இலவசமாகத்தான் தர இருந்தார். அப்பா இறந்த பிறகு எங்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். முன்னோர்களுக்காக அணையாமல் காக்கும் குலநெருப்பு அவர் பொறுப்பு. காலையில் கறந்த பால் அவர் வாயில் பட்ட பிறகுதான் மற்றவர்கள் குடிக்கலாம். அவரிடம் கெட்ட குணம் எதுவும் இருந்திருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

எனக்குத் தோன்றிய சரியான காளை ஒன்று இருந்தது. என் தாய்மாமா அல்ஃபேயுஸ், ஒககராராவுக்கு அப்பால் இருக்கிறார். அவரிடம் ஆங்கஸ் காளை, கரேலென்று, சின்னத் தலை, மெழுகு தடவியது போல் உடம்பு. அதன் கன்றுகள் வெளியே வந்து விழுவது தாய்க்கே தெரியாது என்பார் மாமா. கேட்டால் ஒரு மாதத்துக்குக் கொடுத்து அனுப்புவார். ஆனால் அது மோழை. பிறவியிலேயே கொம்பு கிடையாது.

எங்களில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வழி. தாய்வழியில் ஒரு குடி, அப்பன்வழியில் ஒரு கூட்டம். கூட்டத்துக்குக் கூட்டம் விலக்கு வேறு. ஒருவருக்குச் சாம்பல் நிற மாடு ஆகாது, ஒருவருக்குக் குறிப்பிட்ட இறைச்சி ஆகாது. எங்கள் கூட்டத்துக்கு மோழை ஆகாது. வைத்திருக்கக்கூடாது, கறக்கக்கூடாது, பட்டிக்குள் விடக்கூடாது. மாமா வேறு கூட்டம், அவருக்கு அந்தக் கவலை இல்லை. அம்மாவுக்கும் கல்யாணத்துக்கு முன் இல்லை. அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்ததும் அவளும் எங்கள் விலக்குக்குள் வந்துவிட்டாள்.

"காளைய ஊருக்கு வெளியில கட்டுறேன். பட்டிக்குள்ள கொண்டு வரல" என்றேன்.

"பிறக்கப்போற கன்ன எங்க கட்டுவ? ஆகாசத்துலயா?" என்றார் பெரியப்பா.

மோழைக்குப் பிறப்பது பெரும்பாலும் மோழைதான். கல்லூரியில் படித்த பாதியில் அது இருந்தது.

ஆக, சிறிய காளையாகவும் இருக்க வேண்டும், கொம்பும் இருக்க வேண்டும். நம் நாட்டுக் காளைகள் அப்படித்தான் இருந்தன, ஒடுங்கி, நீளக் கொம்போடு. வறட்சிக்குப் பிறகு எல்லோரும் எடைக்கு ஆசைப்பட்டு அவற்றைக் காயடித்தார்கள், விற்றார்கள், தின்றார்கள். அக்கம்பக்கத்தில் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. அதைப் பார்க்கப் போய், அழகாக இருக்கிறதே என்று பேச்சைத் தொடங்கினேன். சொந்தக்காரன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். செவலைக்கு அப்பனே இதுதானே, தெரியாதா என்றான். தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அக்காவிடம் கேட்டேன். நீ கேட்கவே இல்லையே என்றாள். வீணாய்ப் போன பெட்ரோல் என்னுடையது.

கடைசியில் பக்கத்து ஊர் அஸ்நாத்திடம் ஒரு சிவப்புக் காளை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அஸ்நாத் கணவன் போன பிறகு மாடுகளைத் தனியாக வைத்து நடத்துகிறவள், வாயாடி. காளையைப் போய்ப் பார்த்தேன். அளவான உடம்பு, நல்ல தலை, அதன் கன்றுகள் நான்கைந்து அங்கேயே நின்றன, எல்லாம் கைக்கடக்கம். கொம்பு இருக்கிறதா என்றால், இருந்தது. கட்டைவிரல் நீளத்துக்கு இரண்டு, காதுக்கு மேலே கீழ்நோக்கி வளைந்து தொங்கின. தொட்டால் ஆடின.

"ஆடுகொம்பு" என்றாள் அஸ்நாத். "கொம்புன்னா கொம்புதான்."

எனக்கு உள்ளுக்குள் தெரியும். ஆடுகொம்பு மோழை ரத்தத்தில் வருவது. மண்டையோட்டோடு சேராது, தோலில் முளைக்கும். ஆனால் நான் அங்கே உண்மையைத் தேடிப் போகவில்லை. பெரியப்பா வாயிலிருந்து 'சரி' என்ற ஒரு சொல் போதும். கொம்புள்ள சின்னக் காளை கிடைத்துவிட்டது என்று வந்து சொன்னேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பாத்துட்டு வரலாம்."

அன்று காலைதான் மந்திரி மறுபடி வேலிக்கு வந்து நிற்கத் தொடங்கியிருந்தான். அம்மாவைக் கம்போடு காவல் வைத்துவிட்டு, பெரியப்பாவை முன்னால் உட்காரவைத்து, அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பிக்கப்பை ஓட்டினேன்.

அஸ்நாத் காளையை மரச்சட்டத்துக்குள் விட்டுக் கழுத்தைப் பூட்டி வைத்திருந்தாள். பெரியப்பா அதைச் சுற்றி வந்தார். பின்கால் நன்றாக இருக்கிறது என்றார். முதுகு நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் சட்டத்தின் மேல் ஏறி, குனிந்து, இரண்டு கையையும் காளையின் உச்சந்தலை மயிருக்குள் விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். காது கேளாதவன் பானையைத் தட்டிப் பார்ப்பதுபோல் விரலால் மண்டையை ஒவ்வோர் இடமாக அழுத்தினார். கொம்பு நறுக்கிய மாடு என்றால் உச்சி தட்டையாக, தழும்போடு இருக்கும். அது விலக்கில் சேராது. பிறவி மோழைக்கு உச்சி கூர்ந்து நிற்கும். அவர் விரல் கூர்மையில் போய் நின்றது. பிறகு ஒரு கொம்பைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார்.

"ஆடுது" என்றார்.

"உங்க பல்லும்தான் ஆடுது" என்றாள் அஸ்நாத். "அதுக்காக உங்கள பொக்கைவாய்னு சொல்லலாமா?"

"ஆடுற பல்லால கறி கடிக்க முடியாதும்மா."

"இந்தக் கொம்பால யாரும் கறி கடிக்கப் போறதில்ல. கன்னு போடத்தான் கேக்குறாங்க. அதுக்கு வேண்டியது பின்னாடி ஆடுது, அதப் பிடிச்சுப் பாருங்க."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியப்பா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டேதான் இறங்கினார், கையைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னார்: கொம்பு என்றால் மண்டையிலிருந்து வர வேண்டும். இது தோலில் தொங்குகிறது. இது தோடு. தோடு போட்ட மோழை.

நான் விடவில்லை. விலக்குச் சொல்லில் என்ன இருக்கிறது, 'கொம்பில்லாதது ஆகாது' என்றுதானே இருக்கிறது, அசையாத கொம்பு என்று எங்காவது இருக்கிறதா என்று கேட்டேன். முன்னோர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டா போவார்கள், பிள்ளைகளுக்குப் புத்தி இருக்கும் என்று நம்பித்தான் போயிருப்பார்கள் என்றார். வழி முழுக்க இதே பேச்சு. பாதையைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை, ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி அக்கா பின்னால் துள்ளி விழுந்து கூரையைத் தட்டினாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வேலியின் ஓட்டையில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு பக்கம் முழுவதையும் மந்திரி தள்ளிச் சாய்த்திருந்தான். அவன் நெஞ்சில் முள் குத்தி ரத்தம் வழிந்தது, அதை அவன் சட்டை செய்யவில்லை. அம்மாவின் கம்பு உடைந்து கையில் பாதி இருந்தது. செவலை உள்ளே மூலையில் நின்று வாலைத் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தது, அது பயத்தால் அல்ல. அதற்கு மந்திரி வேண்டியிருந்தது. இந்த விஷயத்தில் யாரும் எங்கள் பக்கம் இல்லை.

நானும் பெரியப்பாவின் ஆட்களும் சேர்ந்து மந்திரியை விரட்டிக்கொண்டு போய்ப் பெரிய பட்டியில் அடைத்தோம். திரும்பி வந்ததும் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"இந்த மாடு அம்மா கொண்டு வந்த வழி. மாமா வீட்டுலேருந்து வந்த பசுவோட பேத்தி. இதுக்கு உங்க கூட்டத்து விலக்கு எப்படிப் பொருந்தும்?"

பெரியப்பா முதல் தடவையாகக் கோபப்பட்டார். குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"எந்த வழியில வந்தா என்னடா? எந்தப் பட்டியில படுக்குதோ அந்தக் கூட்டத்து மாடு. உங்கம்மா எந்த வழியில வந்தா? இப்ப எங்க இருக்கா?"

அம்மா உடைந்த கம்பைக் கீழே போட்டாள்.

"அப்ப இது இங்க படுக்க வேண்டாம்" என்றாள் அக்கா.

யாருக்கும் உடனே புரியவில்லை. எனக்கும்தான். அவள் கயிற்றை எடுத்துக்கொண்டு வேலிக்குள் போனாள்.

"எவால்டினே" என்றார் பெரியப்பா. "போனா திரும்ப வர முடியாது. அதுவும், அதோட கன்னும், கன்னோட கன்னும்."

"தெரியும் பெரியப்பா."

"அதோட பாலு உன் அம்மா வாயில படாது."

அக்கா கயிற்றைச் செவலையின் கழுத்தில் போட்டு முடிச்சை இறுக்கினாள். "செத்த மாட்டுப் பாலு மட்டும் படுமா?" என்றாள்.

எனக்கு வந்தது ஆத்திரம், அதுவும் அவள் மேல். நான்கு ஊர் அலைந்திருக்கிறேன், இருக்கும் சொல்லையெல்லாம் செலவழித்திருக்கிறேன், எல்லாம் இந்த மாடு இந்தப் பட்டியிலேயே இருக்க வேண்டும் என்பதற்காக. அவள் இரண்டு வரியில் அதை விட்டுக்கொடுத்துவிட்டாள். வண்டியில் மாட்டை ஏற்றும்போது இதை அவளிடம் சொன்னேன்.

"நீ அவர ஜெயிக்கப் பாத்த" என்றாள். "எனக்கு மாடு வேணும். பின்னாடி தள்ளு."

தள்ளினேன். பெரியப்பா நெருப்புப் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் மாமா வீட்டில் பலகையை இறக்கியதும் கறுப்புக் காளை ஒரு தடவை மோந்து பார்த்தது. அதற்கு எந்தச் சடங்கும் தேவைப்படவில்லை.

அக்காவும் அங்கேயே தங்கிவிட்டாள். மாடு இருக்கும் இடத்தில்தானே இருக்க முடியும். அம்மாவுக்கு வேலிக்குக் காவல் நிற்கும் வேலை இல்லாமல் போனது, பேச ஆளும் இல்லாமல் போனது. நான் பங்கில் லாரிகளுக்கு டீசல் ஊற்றினேன். இடையில் வீட்டிலிருந்து வந்த செய்திகள் எல்லாம் என்னை எரிச்சல்படுத்துவதற்கென்றே வந்தவை. பெரியப்பாவின் கிடேரிகள் மூன்று மந்திரிக்குச் சினையாகி இருந்தன. ஒன்று ஈன்றது, நலம். இரண்டாவது ஈன்றது, நலம். மூன்றாவது யாரும் பார்க்காதபோது காட்டிலேயே ஈன்று, கன்றை ஓட்டிக்கொண்டு தானாக வீட்டுக்கு வந்தது. அவை தாய்ப்பால் குடித்து வளர்ந்தவை, இடுப்பு அகலம், அதுவும் இதுவும் ஒன்றல்ல என்று பங்கில் கூட வேலை செய்பவனிடம் விளக்கினேன். அவன் மாடு வளர்க்கிற சாதி இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, உனக்குத் தூக்கம் போதவில்லை என்றான்.

முதல் மழைக்கு முந்தின வெக்கையில் செவலைக்கு நாள் நெருங்கியது. லீவு போட்டுவிட்டு மாமா வீட்டுக்குப் போனேன். முற்பகலில் மரத்தடியில் படுத்து முக்கத் தொடங்கியது. குளம்பு இரண்டு தெரிந்தது. நிம்மதியாகக் குனிந்து பார்த்தேன். குளம்பின் அடிப்பாகம் வானத்தைப் பார்த்து இருந்தது.

முன்கால் என்றால் அடிப்பாகம் தரையைப் பார்க்கும். இது பின்கால். கன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. இதற்கும் காளையின் அளவுக்கும் சம்பந்தம் இல்லை. எந்தக் காளையைப் போட்டாலும் எந்தப் பசுவுக்கும் நேரலாம். உள்ளே தொப்புள்கொடி அறுந்த பிறகும் தலை உள்ளேயே இருந்தால் கன்று மூச்சுக்குத் தவித்துச் செத்துவிடும். அவசரப்பட்டு இழுத்துச் சிக்கினால் தாயும் கிழிந்துபோகும். இத்தனை அலைச்சலுக்கும் பிறகு இதுவா என்று வாய்விட்டே சொன்னேன். மாமாவுக்கு மூட்டுவலி, குனிய முடியாது. அக்கா செவலையின் தலையைப் பிடித்துக்கொண்டாள். "பேசாத, இழு" என்றாள்.

கால்களில் கயிற்றைக் கட்டி, செவலை முக்கும்போதெல்லாம் கீழ்நோக்கி இழுத்தேன். பின்தொடை வந்தது. இடுப்பு வந்து நின்றது. அந்த இடம்தான். கல்லூரியில் படத்தில் காட்டிய இடம். அடுத்த முக்கலுக்குக் காத்திருந்து, குதிகாலை மண்ணில் ஊன்றி, உடம்பின் மொத்த எடையையும் கொடுத்தேன். இடுப்பு நழுவியது, அதன் பின் மார்பு, தோள், தலை எல்லாம் ஒரே ஓட்டமாக என் மடியில் வந்து விழுந்தன. ஒரு வெள்ளாட்டுக் கிடாவின் அளவுதான் இருக்கும். மூச்சு இல்லை. மூக்கில் இருந்ததை விரலால் வழித்து, பின்காலைப் பிடித்துத் தொங்கவிட்டு, விலாவைப் புல்லால் தேய்த்தேன். ரொம்ப நேரம் தேய்த்த மாதிரி இருந்தது. கடைசியில் அது தும்மியது.

பெட்டைக் கன்று. கறுப்பு. உச்சந்தலையைத் தடவிப் பார்த்தேன். கூர்மையாக இருந்தது.

செவலை எழுந்து கன்றை நக்கத் தொடங்கியது. அக்கா பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்திருந்தாள். மாமா தேநீர் கொடுத்தனுப்பினார், சர்க்கரை அதிகமாக.

ஒரு வாரம் அங்கேயே இருந்தேன். கிளம்பும் நாளில் அக்கா பால் கறந்துகொண்டே சொன்னாள், இடுப்பு இனி விரிந்துவிடும், அடுத்த ஈத்துக்குப் பெரிய கன்று தாங்கும்.

"தாங்கும்."

"மந்திரியப் போடலாம்னு இருக்கேன். பெரியப்பாகிட்ட கேட்டுட்டு வா."

நான் அவளைப் பார்த்தேன். அவள் காம்பைப் பார்த்தாள்.

"நீயே கேளு."

"நான் கேட்டா அவருக்கு வருத்தமா இருக்கும். உன்கிட்டன்னா நாலு வார்த்தை திட்டிட்டுக் குடுத்துருவாரு."

பெரியப்பா நெருப்புக்கு அருகில் நாற்காலியில் இருந்தார். செய்தி அவருக்கு முன்பே வந்திருந்தது.

"பின்பக்கமா வந்துச்சாமே?"

"ஆமா."

"மோழை சாதி. கொம்பு இல்லல்ல, எந்தப் பக்கம் தலைன்னு அதுக்கே தெரியல."

கன்று சிறியதாக இருந்ததால்தான் அந்த இடுப்பில் பின்பக்கமாக வந்தும் பிழைத்தது, மந்திரியின் கன்றாக இருந்திருந்தால் இரண்டையும் புதைத்திருப்போம் என்றேன். அவர் தலையாட்டிக் கேட்டார்.

"என் மூணு கிடேரிய எங்கடா புதைச்சேன்?"

அக்கா கேட்டதைச் சொன்னேன். அவர் முகம் விரிந்ததை மறைக்க முயன்றார், முடியவில்லை. மந்திரிக்கு விலக்கு ஒன்றும் கிடையாது, எந்தப் பட்டிக்கும் போவான், அங்கே நல்ல புல் உண்டா, தண்ணீர் உப்பாக இருக்குமா என்று கேட்டுக்கொண்டே போனார். அந்தப் பசு நல்ல வழி, மந்திரியோடு சேர்ந்தால் அருமையான கன்று வரும், கொம்போடு வரும், அதை இங்கே கொண்டுவந்து

அங்கே நிறுத்திவிட்டார்.

எந்தப் பட்டியில் படுக்குதோ அந்தக் கூட்டத்து மாடு. அவரே சொன்னது. திருப்பிச் சொல்ல ஆசையாக இருந்தது, ஆனால் அம்மா கதவுப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா பட்டியின் பக்கம் திரும்பி மந்திரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என்னிடம் வண்டிக்குப் பின்பலகை உறுதியாக இருக்கிறதா, அவன் கனத்தைத் தாங்குமா என்று கேட்டார்.